வாழைப்பொத்தியும் என் போர்க்கப்பல் ஞானமும்

அரைகுறையாகக் கற்றவன் ஊருக்கு விளைக்கும் அபாயம், ஒன்றுமே கல்லாதவனால் ஒருபோதும் விளையாது. இதை நான் நூல்களை ஆராய்ந்து கண்டேனல்லேன். மட்டக்களப்பு வாவிக் கரையின் சேற்றிலே குப்புறப் படுத்தபடி கண்டுகொண்டேன். அப்பொழுது எனக்கு வயது இருபத்துநான்கு. என் திருமணத்துக்கு நாள் குறிக்கவிருந்த காலை அது.

இரண்டாம் மகாயுத்த காலம். திருகோணமலைப் பக்கம் ஜப்பானியரின் குண்டு விழுந்த செய்தி வந்தபின், தேங்காய் விழுந்தாலும் சனங்கள் திடுக்கிட்ட நாட்கள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கோ போர்க்கப்பல்கள்மீது தீராத பற்று. பழைய பத்திரிகைகளிலிருந்து கப்பற் படங்களைக் கத்தரித்து, பசை காய்ச்சி (மாவு அரிதான காலத்தில் பசையா என்று அம்மா ஏசியது வேறு கதை), தடித்த கொப்பியொன்றில் ஒட்டிவந்தேன். ஒவ்வொரு படத்தின் கீழும் புகைபோக்கி எத்தனை, பீரங்கி எத்தனை, எக்கடலில் எத்தனை ஆண்டு உழைத்தது என்று அழகிய கையெழுத்தில் குறித்திருப்பேன். முதற்பக்கத்தில் நான்கு புகைபோக்கிகளையுடைய ஒரு கிழட்டுக் கப்பல் இருந்தது. முந்திய மகாயுத்தத்தில் போராடி, ஓய்ந்து, துருப்பிடித்து நின்ற அதனை இந்த யுத்தத்துக்கும் அழைத்திருந்தார்கள். அதுவும் மறுக்காமல் எழுந்து, சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போய்வந்தது. அப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

இந்த ஞானத்தை நான் விநியோகித்த இடம், துறையடியில் காத்தான்குடி முஸ்லிம் அண்ணர் ஒருவர் (காக்கா என்றே அழைப்போம்) நடத்திய தேநீர்க் கடை.

“தம்பி, நீங்க போர்க்கப்பல்ல ஏறி இரிக்கீங்களா?” என்று ஒருநாள் கேட்டார்.

“இல்ல காக்கா.”

“கிட்டத்துல போய்க் கண்டு?”

“அதும் இல்ல.”

“அப்ப சரிதான். கண்டவனுக்கு இவ்வளவு கதை வராது.”

எனக்குப் பேசியிருந்த பெண் வாவிக்கு அப்பால், படுவான்கரையில் வெல்லாவெளிப் பக்கத்தவள். பெண் வீட்டார் பலகாரப் பெட்டிகளோடு வாவி கடந்து வந்து நாள் குறிப்பார்கள். நாங்கள் துறையிலே நிறைகுடம் வைத்து அவர்களை எதிர்கொள்ளவேண்டும். எதிர்கொள்ள ஆளில்லையெனில் வந்தவர் கரையில் கால் வைக்கமாட்டார். திரும்பிய ஓடம் திரும்பியதுதான். (என் சிறிய தந்தை இவ்விதமே பிரமசாரியாகவே கிழவரானவர்.) ஆகையால் முந்திய இரவு முழுவதும் நான் உறங்கவில்லை.

அன்று திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகுகாலம் தொடங்கி ஒன்பதுக்கு முடியும். ஒன்பதரைக்கு வருவதாகப் பேச்சு. மாமனார் ஆகவிருந்தவர் மனம் மாறி, ராகுகாலத்துக்கு முன்பே இறங்கிவிடுவோம் என்று இருட்டோடு புறப்பட்டுவிட்டது எங்களுக்குத் தெரியாது. நான் ஏழு மணியளவில் துறையைப் பார்வையிடப் போனேன். கக்கத்தில் கொப்பி. (மாமனாருக்குக் காட்டி மதிப்புப் பெறலாம் என்றொரு யோசனை.)

வாவியிலே பனி மூடியிருந்தது. அதனுள்ளே ஓர் உருவம் நகர்ந்தது. நடுவில் இரண்டு புகைபோக்கிகள். அவற்றின் மேலே புகை. பின்னால் வெள்ளையாக ஒரு மேற்கட்டு. முன்புறத்தில், என் நெஞ்சுக்கு நேராக நீண்ட பீரங்கி.

மார்பளவு தண்ணீரில் போர்க்கப்பல் எப்படி வரும் என்று கேட்பீர்கள். கல்லாதவனுக்கு அக்கேள்வி உடனே எழுந்திருக்கும். எனக்கோ கொப்பியின் முப்பத்திரண்டாம் பக்கமே எழுந்தது: சீன தேசத்து ஆறுகளில் ஓடும் தட்டையடிப் பீரங்கிக் கப்பல், மூன்றடித் தண்ணீர் அதற்குத் தாராளம்!

“காக்கா! பீரங்கிக் கப்பல்!”

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “நம்மட ஆக்களா, அவன்களா?”

“கொடி இல்ல. அவன்கள்தான்.”

“சுடுவானா?”

“பீரங்கி வாய்க்கு உறை போட்டிரிக்கு, பாருங்க. உறை கிடக்குமட்டும் பயமில்ல. அதக் கழட்டினாத்தான்...”

நான் வாய் மூடுமுன் அந்த உறை கழன்று தண்ணீரில் விழுந்தது.

காக்கா வெற்று பிஸ்கட் தகரமொன்றை எடுத்து அடித்துக்கொண்டு ஓடினார். சில நிமிடங்களில் ஊரே கடற்கரைத் தென்னந்தோப்புகளை நோக்கிப் பறந்தது. அப்பா தம் கணக்குப்பிள்ளை உத்தியோகக் குடையோடு ஓடினார். அம்மா, அலங்கரித்து வைத்திருந்த நிறைகுடத்தை இடுப்பில் ஏந்தி, மேலிருந்த தேங்காய் விழாமல் ஓடினார். நானோ நாணற் சேற்றில் விழுந்து, கொப்பியைத் தலைமேல் கவித்துக்கொண்டேன். நாள் குறிக்க வரப்போகிறவர்களும் வழியில் இக்கப்பலிடம் அகப்பட்டு மடிவார்களே என்று அஞ்சினேன்.

பீரங்கி வெடிக்கவில்லை. பேசிற்று.

“என்னடாப்பா இது? துறையில ஒரு குருவியக்கூடக் காணயில்ல!”

மாமனாரின் குரல். தலையைத் தூக்கினேன். பனி விலகியிருந்தது. இரண்டு வள்ளங்களைப் பிணைத்துப் பலகை பரப்பிய எங்கள் வாவி ஓடமொன்று நின்றது. புகைபோக்கிகள், சுருட்டி நிமிர்த்திய இரண்டு பன்பாய்க் கட்டுகள். புகை, கண்ணூறு படாதிருக்க அவற்றின் பின்னே வைத்த சாம்பிராணிச் சட்டியினது. மேற்கட்டு, வெள்ளை மூடிய பலகாரப் பெட்டிகள். பீரங்கி, தங்கள் தோட்டத்து விளைச்சலை நாங்கள் கண்டு வியக்கவேண்டுமென்று நுனிப் பூவாகிய பொத்திகூட நீக்காமல், முன்னே நீட்டிக் கட்டிக் கொண்டுவந்த ஆளுயர வாழைக்குலை. கம்பூன்ற இடைஞ்சலாக இருக்கிறதென்று ஓடக்காரர், எனக்கு உறையாகத் தெரிந்த அந்தப் பொத்தியை முறித்து எறிந்திருக்கிறார்.

நான் எழுந்து நின்றேன்.

“ஆருடா நீ?”

“மாப்பிள்ளை.”

“எந்த மாப்பிள்ளை?”

“உங்கட.”

அவர் என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். சேறு தவிர வேறொன்றும் தெரிந்திராது. “ஊராக்கள் எங்க?”

“ஓடிற்றாங்க.”

“ஏன்?”

“உங்களக் கண்டு.”

“ஓடத்தத் திருப்பு!” என்று அவர் கர்ச்சித்தார். ஓடக்காரர் கம்பைத் தூக்கினார். என் சிறிய தந்தையின் முகம் என் கண்முன்னே வந்தது. இடுப்பளவு தண்ணீரில் பாய்ந்து ஓடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முப்பத்திரண்டாம் பக்கத்தை விரித்து, நடந்தது அனைத்தையும் கொட்டித் தீர்த்தேன். மாமியார் கொப்பியை வாங்கினார். படத்தைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், குலையைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“இஞ்ச பாருங்க, நம்மட பலகாரமும் பாயும் இவங்களுக்குக் கப்பல் அளவு தெரிஞ்சிரிக்கு! ஒரு குலையக் கண்டு ஊரே ஓடியிரிக்கு! படுவான்கரையில இந்தப் பேர் வேற ஆருக்குக் கிடைச்சது? திருப்பாதீங்க!”

மாமனாரின் மீசை சற்றே தளர்ந்தது. “சரி. ஆனா நிறைகுடம் வைக்காம நான் இறங்கன். ஏழரைக்கு இன்னும் அஞ்சு நிமிசம்தான் கிடக்கு.”

நிறைகுடமோ அம்மாவின் இடுப்பில், கடற்கரையில். காக்காவின் கடைக்குள் பாய்ந்தேன். அகப்பட்டது அடுப்பில் இருந்த கேத்தல் ஒன்றே. அதன் மூடியை எடுத்துவிட்டு, ஓடத்திலிருந்தே ஒரு தேங்காயை இரந்து வாங்கி மேலே வைத்து, சேறு வடிய இரு கையாலும் ஏந்தி, என் மாமனாரை நானே எதிர்கொண்டேன். கேத்தலின் மூக்கால் ஆவி வந்துகொண்டிருந்தது.

அவர் ஒரு காலைக் கரையில் வைத்தபடி கேட்டார்: “மருமகன், இதுக்கு எத்தினை புகைபோக்கி?”

அந்த ஒரு சொல்லால் — மருமகன் என்றாரே — எனக்கு உயிர் வந்தது. இறங்கியபொழுது ஏழரைக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

அக்காட்சியைக் காணாத ஒரே ஆள், வீட்டில் இருந்த மணப்பெண். காணாதவளுக்கே கதை அதிகம் வரும் என்று காக்கா சொன்னது பலித்துவிட்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் வாழைப்பொத்தி வறை ஆக்குவதென்றால், என் மனைவி குலையடியில் நின்று, பேரப்பிள்ளைகளுக்குக் கேட்கும்படி குரல் கொடுப்பாள்:

“உறையக் கழட்டப்போறன். ஐயாவப் படுக்கச் சொல்லுங்க!”

நான் படுப்பதில்லை. கொப்பியின் முதற்பக்கத்துக் கிழவனைப்போல, அழைப்பு வந்ததும் எழுந்துபோய்க் குலையைப் பிடித்துக்கொடுக்கிறேன். காம்பின் நேரே மட்டும் நிற்பதில்லை.