பத்துக்கு எட்டுப் பொருத்தம், மாசம் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது

வீட்டு மாப்பிள்ளையிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இலை போட்டு உட்கார வைத்துவிட்டுக் கணக்கு மட்டும் கேட்கக்கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டேன். உத்திரமேரூரில் உரக்கடை வைத்திருக்கிறவன், கணக்கில் புலி என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

தங்கை சுமதிக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை முருகன், பக்கத்தில் பெருநகர் என்கிற ஊரில் மொபைல் கடை. ஆடி பிறந்ததும் வழக்கப்படி இரண்டு பேரையும் விருந்துக்கு அழைத்திருந்தோம். அன்று காலையில்தான் பேங்கில் பாஸ்புக் பதியப் போனேன். (போகாமல் இருந்திருக்கலாம்.) மாசாமாசம் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் போயிருக்கிறது. பக்கத்தில் பாதி ஆங்கிலம், பாதி எண்.

கவுன்டர் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மாசாமாசம் தானா எடுத்துக்கச் சொல்லி நீங்களே ஓகே குட்த்துகீறீங்க சார். உங்க போன்லயே பாருங்க" என்றார்.

போனைப் பார்க்கவில்லை. தேதியைப் பார்த்தேன். பணம் போக ஆரம்பித்தது முருகன் பெண் பார்க்க வந்த மாதம். அன்று தன் நம்பரைப் பதிந்து தருகிறேன் என்று என் போனை வாங்கியவர் அவர். போதாதா? பேங்கிலிருந்து வீடு போவதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

அம்மா பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு வாய் சாப்பிடும்வரை பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை.

"மாப்ள, அன்னிக்கு என் போன்ல இன்னா பண்ணி வெச்சீங்க?"

"நானா மச்சான்?"

"நீங்க இந்த வூட்ல கால் வெச்ச மாசத்துலேர்ந்து பணம் போய்க்கினே கீது. மொபைல் கடைக்காரருக்குத் தெரியாததா?"

முருகன் சோற்றில் வைத்த கையை எடுக்கவும் இல்லை, பிசையவும் இல்லை. அம்மா கையிலிருந்த கரண்டி இலைக்கு மேலேயே நின்றது. சுமதி என் சட்டைப் பையிலிருந்து போனைப் பிடுங்கி எதையெதையோ தள்ளினாள்.

"இன்னாண்ணா இது? ஜாதகப் பொருத்தம்னு போட்டுகீது?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. தரகர் கூட்டிவந்த ஜோசியர் நல்ல பொருத்தம் என்றார். நான் நம்பவில்லை. பெண் பார்த்துவிட்டு அவர்கள் போன பிறகு, யாருக்கும் தெரியாமல் போனில் ஒரு ஜோசிய ஆப் போட்டுப் பார்த்தேன். முதல் வாரம் இலவசம் என்றது. கேட்ட இடத்திலெல்லாம் அமுக்கினேன், ரகசிய எண்ணையும் நானே போட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது நான்தான்.

சுமதி விடவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். "சுமதி, முருகன். பத்துக்கு எட்டு. மணமகன் பண விஷயத்தில் நாணயமானவர்." அதோடு போனை என் கையில் திணித்தாள்.

முருகன் எழுந்து கை கழுவினார். பாயசம் இலையிலேயே கிடந்தது. துண்டில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "தொடலாமா மச்சான்?" என்று கேட்டுவிட்டுத்தான் போனை வாங்கினார். அந்தச் சந்தாவை நிறுத்திக் கொடுத்தார். "இனிமே போவாது" என்றார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அம்மா அழுததால், ஆடிக்கு எடுத்து வைத்திருந்த புது வேட்டியை வாங்கிக்கொண்டு பெருநகர் பஸ் ஏறினார். சுமதி அந்த ஆடி மாசம் முழுக்க என் வீட்டில் இருந்தாள், என்னோடு இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். "அட வுடுங்க மச்சான்" என்றார். விட்டும்விட்டார் என்றுதான் நினைக்கிறேன். இப்போது புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால், "எங்கண்ணன் மாசாமாசம் பணம் கட்டிப் பார்த்த பொருத்தம்" என்று சுமதியே சொல்லிச் சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன், வேறென்ன செய்ய?

ஆனால் முருகன் மட்டும் இன்றுவரை என் போனைத் தொட்டதில்லை. பக்கத்திலேயே கிடந்து அடித்தாலும், கொல்லையில் இருக்கும் என்னைக் கூப்பிடுவார். போன பொங்கலுக்கு அவருடைய பெண் குழந்தை தவழ்ந்து வந்து என் போனைப் பிடித்தது. "மாமா போனும்மா அது, கைய எடு" என்றார், சிரித்துக்கொண்டேதான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். குழந்தை கையை எடுத்துவிட்டது.