இடிக்க அனுமதி

சமையலறையைப் பெரிசாக்கணும் என்று மனைவி சொன்னதும் அவருக்குப் பகீரென்றது. அதற்குப் பக்கத்து அறையை இடித்தாக வேண்டும். பக்கத்து அறையோ அவர் உயிர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து, மதியம் சாப்பிட்ட கையோடு சாய்வு நாற்காலியில் விழுந்து, கேட்பாரில்லாமல் குறட்டை விடுவது அங்கேதான்.

"முடியாது" என்று சொல்லும் துணிச்சல் அவருக்குக் கல்யாணத்தன்றே போய்விட்டது. ஆனால் மூளை இருந்தது.

"இடிக்கலாமே, தாராளமா இடிக்கலாம்! ஆனா நகராட்சி அனுமதி வேணும். நீ கவலைப்படாதே, அலையறதுக்கு நான் இருக்கேன்."

அன்று முதல் கக்கத்தில் வரைபடத்தோடு கிளம்புவார். நகராட்சிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. நேரே தெருமுக்கு சலூன். ஓசிப் பேப்பர், ஓசி ஃபேன், ஊர்வம்பு. திரும்பும்போது முகத்தை மறக்காமல் தொங்கப் போட்டுக்கொள்வார்.

"என்னாச்சுங்க?"

"இன்ஜினியர் லீவு."

அடுத்த தடவை, "கையெழுத்துப் போடுறவருக்குக் கையில கட்டு."

"அடப் பாவமே! எந்தக் கைங்க?"

"ரெண்டும்!"

அவள் உச்சுக்கொட்டிவிட்டு டீ போட்டுக் கொடுப்பாள். இப்படி ஓர் அப்பாவியா என்று அவருக்கே மனசு இளகிப்போகும்.

ஒரு நாள் சலூனிலிருந்து வந்தால், வாசலில் செங்கல் குவியல்! உள்ளே ஓடினார். அவருடைய அறைச் சுவரில் யாரோ ஒருவர் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் சம்மட்டியோடு கொத்தனார். நாற்காலியைக் காணோம்.

"யோவ், யாரைக் கேட்டுய்யா இடிக்கிறீங்க? நகராட்சிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா?"

"நான் நகராட்சிதாங்க. கட்டட ஆய்வாளர். போன வாரமே அனுமதி குடுத்தாச்சே! அம்மாதான் விடாம வந்து வாங்கினாங்க. வீடு அவங்க பேர்லதானே இருக்கு?"

"கையெழுத்துப் போட்டதும் இவர்தாங்க," என்றாள் மனைவி. "ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு."

ஆனாலும் அவர் விடவில்லை.

"பொய்! நான் தினம் அங்கதானே கிடக்கேன்? உன்னை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லையே!"

"நானும்தாங்க உங்களைப் பார்த்ததில்ல."

ஆய்வாளர் அவசரமாகக் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். கொத்தனாருக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து ஓங்கி ஓர் அடி வைத்தார். சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஐயையோ! இனிமே நான் எங்கம்மா தூங்குவேன்? ஹால்ல ஒரு மூலையாவது குடேன்!"

"குடுத்தாப் போச்சு. ஒரு மனு போடுங்க," என்றாள் அவள். "ஆனா கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும்."