திங்கட்கிழமை இரத்தம்

மனித குலம் தன் இரத்தத்தைச் சரியாகப் புரிந்துகொண்டது பெங்களூரில், அல்சூர் ஏரியைப் பார்த்த ஒரு மூன்றாவது மாடியில், எங்கள் கம்பெனியில்தான். இதை நானே சொல்வது அழகல்ல. ஆனால் இப்படிச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

காயம் பட்டால் இரத்தத்தை உறையவைக்க ஓடி வருபவை பிளேட்லெட்டுகள். அவை குட்டிக் குட்டி ஆர்.என்.ஏ.க்களை இரத்தத்தில் உதிர்க்கின்றன. இந்தக் குட்டிகள் தாமாக எதையும் தயாரிப்பதில்லை; மற்றவர்கள் தயாரிப்பதைத் தடுப்பது மட்டுமே இவற்றின் உத்தியோகம். இதைக் கேட்ட அன்று எங்கள் டைரக்டர் ஹரிஷ்குமார், காணாமல்போன சொந்தக்காரரைக் கண்டவர்போல் நெகிழ்ந்துபோனார். இவற்றை அளந்தால் பிளேட்லெட் 'நார்மலா', 'அதிதுடுக்கா' என்று சொல்லிவிடலாம். அதிதுடுக்கு என்றால் தேவையில்லாத இடத்தில் இரத்தம் கட்டும் ஆபத்து.

'நார்மல்' எது என்று முடிவு செய்ய, ஆரோக்கியமானவர்களின் இரத்தம் தேவைப்பட்டது. ஹரிஷ்குமார் மீட்டிங்கைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"நம்மளவிட ஹெல்தியா யாரு இருக்கா? யோகா ரூம் இருக்கு, பாதாம் இருக்கு. எல்லாரும் கைய நீட்டுங்க."

"சார், யார் யார் என்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு முதல்ல கேக்கணும்" என்றார் ஆய்வகத்தைக் கவனிக்கும் வித்யாலட்சுமி.

"அது பேஷண்ட்டுக்கு. நாம பேஷண்ட்டா?"

இந்தத் தர்க்கத்தின்படி எல்லோரும் கையை நீட்டினோம்.

அன்று திங்கட்கிழமை. மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே வேலை. திங்களன்று மட்டும் எல்லோரும் ஆபீசுக்கு வந்தாக வேண்டும். சில்க் போர்டு ஜங்ஷன் டிராஃபிக்கைத் தாண்டித் தலையைப் பிடித்துக்கொண்டு வருபவர்களுக்காக, ரிசப்ஷனில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறையத் தலைவலி மாத்திரை வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்றைத் தண்ணீரில் போட்டு, பொங்கி அடங்கியதும் குடித்துவிட்டுத்தான் மீட்டிங்குக்குப் போவோம். இதற்கு 'கம்பெனி கல்ச்சர்' என்று பெயர்.

முதல் வாடிக்கையாளரை நான்தான் பிடித்தேன். என் அக்கா யசோதாவின் கணவர் ஆதிகேசவன். ஆஸ்டின் டவுனில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் கோல்கீப்பர். காய்ச்சல் என்று அவர் படுத்ததைக் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை. ரிப்போர்ட் சிவப்பில் வந்தது: 'அதிதுடுக்கு'.

"இன்னா மச்சான், எனக்கு ஒன்னுமே இல்லியே?"

"அதான் மாமா டேஞ்சர். கடைசிவரைக்கும் தெரியாது."

அக்கா அழுதுவிட்டாள். எனக்கோ எங்கள் கருவியை நினைத்துப் பெருமையாக இருந்தது. கம்பெனி டாக்டர் வீடியோவில் தோன்றி, பிளேட்லெட்டை அடக்கத் தினம் ஓர் ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்தார். மாமா பள்ளிக்கூடப் பிள்ளைபோல் தவறாமல் சாப்பிட்டார்.

பிறகு அவர் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார்.

"டேய் ரகு, ரத்தம் நிக்க மாட்டேங்குதுடா" என்று அக்கா போன் செய்தபோது அவள் குரலே மாறியிருந்தது. நான் போனபோது மாமா சமையலறைத் தரையில், இரத்தம் துப்பிய பேசினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான். ஆட்டோ பிடித்துத் திரும்பப் பல் டாக்டரிடம் ஓடினோம். டாக்டர் ஆஞ்சலா தையல் போட்டு நிறுத்திவிட்டு, "நல்லா இருக்கிற மனுஷனுக்கு எதுக்கு ஆஸ்பிரின்?" என்று கேட்டார். எங்கள் தொழில்நுட்பத்தை நான் விளக்கினேன். அவர் கை கழுவப் போய்விட்டார்.

அடுத்த திங்களன்று, கன்னம் வீங்கிய மாமாவைக் கூட்டிக்கொண்டு அக்கா நேராக எங்கள் ஆபீசுக்கு வந்தாள். ரிசப்ஷனில் எல்லோரும் மாத்திரையைப் பொங்கவிட்டு நின்றோம். கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்து அட்டையைப் படித்தாள்.

"இதுவும் ஆஸ்பிரின்தானே? உங்களுக்கும் ரத்தம் துடுக்கா?"

"இல்லக்கா, இது தலைவலிக்கு. திங்கக்கிழமை எல்லாரும் சாப்பிடுவோம்."

பக்கத்தில் நின்ற வித்யாலட்சுமி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஹரிஷ்குமார் பக்கம் திரும்பினார். "சார், நம்ம நார்மலே மாத்திரை போட்ட ரத்தம். அதோட ஒப்பிட்டா, மாத்திரை போடாத ஊரே அதிதுடுக்காத்தான் தெரியும்."

அவசர மீட்டிங் கூட்டப்பட்டது. மாத்திரை போடாதவர்களின் இரத்தத்தை எடுத்து அளவுகோலைத் திருத்தலாம் என்றார் வித்யாலட்சுமி. முதலீட்டாளர்களுக்குக் காட்டிவிட்ட அளவுகோலைத் தொடுவது அநாகரிகம் என்றார் ஹரிஷ்குமார். அதற்குப் பதிலாக மாமாவுக்கு இலவசமாக இன்னொரு டெஸ்ட் எடுக்கச் சொன்னார். ஆஸ்பிரின் இன்னும் உடம்பில் இருந்ததால், ஊசி குத்திய இடத்தில் இரத்தம் நிற்க வெகுநேரம் பஞ்சை அழுத்த வேண்டியிருந்தது. ரிப்போர்ட் பச்சையில் வந்தது: 'நார்மல்'.

ஹரிஷ்குமார் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தீங்களா? எங்க டெஸ்ட் வேலை செய்யுது."

மாமாவால் வாயைத் திறக்க முடியவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் போய் அன்றைய பத்திரிகைக் குறிப்பை எழுதினேன்: 'நன்றாக இருந்த மனிதரை நோயாளி என்று அறிவித்தோம், வாயில் இரத்தம் நிற்காமல் போனதும் நார்மல் என்று சான்றிதழ் கொடுத்தோம். இரண்டையும் ஒரே கருவியால் சாதித்த முதல் நிறுவனம் எங்களுடையது.'

ஹரிஷ்குமார் இரண்டு முறை படித்துவிட்டு, ஓர் எழுத்தையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னார்.