ஒன்றரைக் கிலோ ஈரல்

எங்கள் வீட்டுக்கார ஈரல் அன்ரியைப் போலச் சந்தேகப்பட இந்த உலகத்தில் இன்னொருவர் பிறக்கப் போவதில்லை. பால்காரனில் சந்தேகம், தபால்காரனில் சந்தேகம், வானொலி மழை வரும் என்றால் மழையிலும் சந்தேகம். கடைசியில் தன் வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளையே அவர் நம்பாமல் போனதற்கு நானும் வசந்தியும்தான் பொறுப்பு.

யுத்த காலம். நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், அவர் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தோம். தாதிப் பயிற்சியின் முதல் வருடம். உடலமைப்பும் உடற்றொழிலியலும் பாடம். சத்தம் போட்டுப் படித்தால்தான் வசந்திக்கு மண்டையில் ஏறும். அவள் வாசிக்கத் தொடங்கியதும் கதவுக்கு வெளியே ஒரு செருப்புச் சத்தம் வந்து நிற்கும். அறையில் இருக்கிற பிள்ளைகள் என்ன கதைக்கிறார்கள் என்று வீட்டுக்காரி தெரிந்து வைத்திருக்க வேண்டிய காலம் அது.

ஒருநாள், "ஈரலின் நிறை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ" என்று வசந்தி வாசித்தாள். கதவு படாரென்று திறந்தது.

"என்ன சொன்னனீ? ஒண்டரைக் கிலோவோ? மனிசருக்கோ மாட்டுக்கோ?"

"மனிசருக்குத்தான் அன்ரி."

"ஆர் நிறுத்தவன்?"

வசந்தி புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். அடுத்த நாள் காலை அன்ரி சந்திக் கடைக்குப் போய், ஒன்றரைக் கிலோ வெங்காயம் நிறுக்கச் சொல்லி, அந்தப் பையை வலப்பக்க விலாவுக்குக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு கடைக்குள் இரண்டு சுற்று நடந்தார். நானா என்று எல்லோரும் கூப்பிடும் கடைக்காரர் பயந்துபோனார்.

"என்ன அக்கா, எங்கயாச்சும் நோவுதா?"

"எனக்குள்ள இவ்வளவு பாரம் கிடக்காம் நானா. நம்பக்கூடிய கதையோ?"

வெங்காயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். மத்தியானத்துக்குள் ஒழுங்கை முழுவதற்கும் அவர் ஈரல் அன்ரி.

சிறுகுடலோடு நிலைமை இன்னும் மோசமானது. இருபது அடி நீளம் என்றதும், தன் சீலை ஒன்றைக் கொண்டுவந்து விறாந்தையில் விரித்து அடிமட்டத்தால் அளந்தார். பதினெட்டு அடிதான் வந்தது.

"சீலையிலும் கூடவோ? மடிச்சு வைச்சாலும் அலுமாரியில இடம் காணாது. வயித்துக்குள்ள என்னெண்டு கிடக்கும்? உங்களை ஆரோ நல்லாப் பேய்க்காட்டுறாங்கள் பிள்ளையள்."

அவர் அப்படி இருந்ததற்குக் காரணம் இருந்தது. மூன்று நாளில் திரும்பி வரலாம் என்று சொன்னவர்களை நம்பி, இரண்டு சீலையோடு ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர் அவர். அந்த மூன்று நாள் பத்து வருடத்தைத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் எந்தக் கணக்கையும் நம்பவில்லை.

எங்களையும் நம்பவில்லை. எங்களுக்கு வரும் கடிதங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். வெளிக்கதவைத் திறக்க எங்களுக்கும் ஒரு திறப்பு கேட்டபோது, "நான் வீட்டிலதானே நிக்கிறன்" என்றார். இந்த நிலையில்தான், சீனியர் அக்கா ஒருத்தி பரீட்சை முடித்து எங்களுக்கு இரவல் தந்த மரப்பெட்டியை ஒருநாள் கட்டிலுக்கடியில் கண்டுபிடித்தார். அதற்குள் பாதி எலும்புக்கூடு இருந்தது.

வேறு யாராயிருந்தாலும் "இது என்ன?" என்று கேட்டிருப்பார்கள். அன்ரி மண்டையோட்டை உற்றுப் பார்த்துவிட்டு, "இது ஆர்?" என்றார்.

"தெரியாது அன்ரி."

"தெரியாத ஆளைக் கொண்டுவந்து என்ர வீட்டில வைச்சிருக்கிறியளோ? எந்த ஊர்? ஆம்பிளையோ, பொம்பிளையோ? பொலிஸ் பதிவில இவரையும் போட வேணுமோ?"

அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் கொடுத்த படிவத்தில் எங்கள் இருவர் பெயரும் இருந்தது. மூன்றாவது ஆளை அவர் அரை மனதோடு விட்டுவைத்தார். ஆனால் அடுத்த நாள் பெட்டிக்குப் பக்கத்தில் விபூதி கிடந்தது.

ஒரு ஞாயிறு காலை, நாங்கள் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பொலிசார் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். ஒரு சப் இன்ஸ்பெக்டரும், ஒரு பெண் கான்ஸ்டபிளும், இன்னும் இரண்டு பேரும் எங்கள் அறைக்குள் வந்தார்கள். முதலில் என் கொப்பி அகப்பட்டது. நரம்புத் தொகுதியைச் சிவப்பு மையால் கீறி, புள்ளி வைத்து, அம்புக்குறி போட்டிருந்தேன்.

"மே மொக்கக்த? மெப் எகக்த?" என்றார் இன்ஸ்பெக்டர் சிங்களத்தில். இது என்ன, வரைபடமா என்று கேட்கிறார். நான் பாடப்புத்தகத்தைத் தேடினேன். அதற்குள் கட்டிலுக்கடியில் இருந்து பெட்டியை இழுத்துத் திறந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் மண்டையோட்டைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"மே கவுத?"

இது ஆர்? அதே கேள்வி. வசந்தி அழத் தொடங்கினாள். இனி அன்ரி "எனக்கு ஒண்டும் தெரியாது, வாடகைக்கு வந்த ஆக்கள்" என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தாலும் பிழை இல்லை.

அன்ரி என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பெட்டிக்குள் இருந்த தொடையெலும்பை எடுத்து இன்ஸ்பெக்டரின் காற்சட்டையோடு வைத்து அளந்தார்.

"மாத்தயாடத் தியெனவா!" ஐயாவுக்கும் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு விலா எலும்பு. அதுவும் மாத்தயாவுக்கு இருந்தது. பிறகு கொப்பியைப் பிடுங்கி, நரம்பெல்லாம் எங்கிருந்து எங்கே போகிறது என்று விரலால் காட்டினார். பாதி சிங்களம், பாதி தமிழ், ஒரு பிழை இல்லை. அதோடு நிற்காமல் இன்ஸ்பெக்டரின் வலப்பக்க விலாவுக்குக் கீழே விரலை நீட்டி, "இதுக்குள்ள ஒண்டரைக் கிலோ ஈரல்" என்றார். பெண் கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இவ்வளவு நாளும் கதவுக்கு வெளியே நின்று அவர் உளவு பார்க்கவில்லை, படித்திருக்கிறார்!

ஆனாலும் எங்களை விடவில்லை. எலும்புக்குப் பயிற்சி நிலையத்தின் கடிதம் வேண்டுமாம். ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். யாரும் கூப்பிடாமலே அன்ரியும் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பொலிஸ் நிலைய மர வாங்கில் மாலை நாலு மணிவரை உட்கார்ந்திருந்தோம். தேத்தண்ணீர் தந்தார்கள். "குடிக்காதேங்கோ" என்று அன்ரி எங்களுக்கு மட்டும் கேட்கச் சொன்னார். "நீங்கள் போங்கோ அம்மா" என்று பொலிசார் இரண்டு தரம் சொன்னார்கள். அவர் அசையவில்லை.

பயிற்சி நிலையப் பொறுப்பாளர் கடிதத்தோடு வந்த பிறகு, எங்களைப் போகலாம் என்றார்கள். அன்ரி எழும்பவில்லை. பெட்டியைத் திறந்து ஒவ்வொரு எலும்பாக எண்ணினார்.

"கையில ஒரு சின்ன எலும்பு குறையுது."

"விடுங்கோ அன்ரி, போவம்" என்று கெஞ்சினோம்.

"நல்ல கதை! வந்த ஆளை முழுசாத்தானே கூட்டிக்கொண்டு போக வேணும்?"

இரண்டு கான்ஸ்டபிள்கள் முழங்காலில் நின்று தேடினார்கள். மேசைக்கடியில் இருந்தது.

வெளியே வந்தோம். காலிக்குப் போகும் பெரிய வீதியில் வாகனங்கள் நெருக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. வசந்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். கடப்பதற்காக அன்ரி என்னிடம் கையை நீட்டினார். பழக்கத்தில் என் விரல்கள் அவருடைய மணிக்கட்டில், பெருவிரல் பக்கம் போய் நின்றன. நாடி துள்ளிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு நூற்று இருபதுக்குக் குறையாது. காலையிலிருந்து, அந்த வாங்கில் கல்லுப்போல இருந்த நேரமெல்லாம், அது அப்படித்தான் அடித்திருக்க வேண்டும்.

மற்றப் பக்கம் சேர்ந்ததும் அன்ரி என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"ரோட்டைக் கடந்தாச்சு. ஏன் இன்னும் பிடிச்சுக்கொண்டு வாறாய்?"

"சும்மா அன்ரி."

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நாடி ஒழுங்குக்கு வரும்வரை நான் கையை விடவில்லை.