மார்ச் ஐந்தும் ஓர் ஈரக்குலையும்

ஷௌக்கி எஃபெந்திக்குத் தபால் இலாகாவில் உத்தியோகம். அது சம்பளத்துக்கு. அவருடைய உண்மையான உத்தியோகம் வேறே. காலண்டரில் எந்தத் தேதியை வேண்டுமானாலும் காட்டுங்கள், அந்தத் தேதியில் பாட்டு உலகத்தில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுவார். நீங்கள் காட்டாவிட்டாலும் சொல்லிவிடுவார். கெய்ரோவில் ஷுப்ரா டிராமில் ஏறினால், டிக்கெட் வாங்குவதற்கு முன்பே பக்கத்து ஆளிடம் திரும்பி, "இன்னிக்கு என்ன நாள் தெரியுமா?" என்பார். அந்த அப்பாவி "புதன்கிழமை" என்பான். அவ்வளவுதான், இறங்கும் இடம் வரும்வரை அவனுக்கு விமோசனம் கிடையாது.

இதே நாளில்தான் மன்ஸூராவில் ஒலிபெருக்கி உயிரை விட்டு, பாடகி பத்ரியா அம்மணி வெறும் தொண்டையாலேயே கடைசி வரிசைவரை பாடினார். இதே நாளில்தான் தந்தாவில் ஒரு மாப்பிள்ளை, பாட்டில் சொக்கிப்போய், பெண்ணுக்குப் போட வேண்டிய மோதிரத்தைப் பாடகியிடம் நீட்டினான். இதே நாளில்தான் ஏதோ ஒரு வயலின்காரர் தூங்கிப்போய், தூக்கத்திலேயே தப்பில்லாமல் வாசித்தார். வருஷத்தில் ஒரு நாள்கூட ஷௌக்கிக்குச் சாதாரண நாளாக விடிந்ததில்லை.

இந்தச் சரித்திர ஞானத்தால் வீட்டுக்கும் ஒரு பிரயோஜனம் உண்டு. அதாவது, ஷௌக்கிக்கு உண்டு.

"ஏங்க, கம்பளத்தை மொட்டைமாடிக்கு எடுத்துட்டுப் போய் அடிச்சுக் குடுங்களேன்" என்பாள் மனைவி தவ்ஹீதா.

"இன்னிக்கா? இன்னிக்கு என்ன நாள்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"தூசு நாள்."

"பத்ரியா அம்மணி முதன்முதலா மேடையில கைக்குட்டையைக் கையில எடுத்த நாள். இன்னிக்குப் போய் என்னைக் கம்பளம் அடிக்கச் சொல்றியே."

"அந்தம்மா மூக்கைத் துடைச்சதுக்கு என் வீட்டுக் கம்பளம் ஏங்க அழுக்கா இருக்கணும்?"

இதற்குப் பதில் சொல்ல ஷௌக்கி அங்கே இருக்க மாட்டார். காபிக்கடைக்குப் போய் நினைவுநாளைக் கொண்டாடிக்கொண்டிருப்பார்.

காபிக்கடையில் அவருக்கு ராஜ மரியாதை. முதலாளி ஹனஃபி, மூலையில் அவருக்கென்றே ஒரு நாற்காலி போட்டுவைத்திருந்தார். ஆனால் மனிதருக்கு உள்ளே ஒரு குறை அரித்துக்கொண்டே இருந்தது. இத்தனை சரித்திரம் சொல்கிறோமே, எல்லாம் யாரோ ஒருத்தன் சரித்திரம். தாம் எந்தத் தேதிக்குள்ளும் இல்லையே. மாதத்தின் முதல் வியாழக்கிழமை பத்ரியா அம்மணியின் கச்சேரி ரேடியோவில் நேரடியாக வரும். ஊரே வீட்டுக்குள் அடங்கிவிடும். சபையில் யாராவது சரியான இடத்தில் உருகி ஒரு குரல் கொடுத்தால், அந்தக் குரலும் பாட்டோடு சேர்ந்து பதிவாகிவிடும். பிறகு ரேடியோவில் அந்தப் பதிவைப் போடும்போதெல்லாம் அந்த ஆள் செத்தாலும் சாகமாட்டான். ஷௌக்கிக்கு வேண்டியது அந்த ஒரு குரல்தான்.

குரலைத் தயாராகவும் வைத்திருந்தார். "அய்யோ, என் ஈரக்குலை போச்சே!" இதுதான் அது. வீட்டில் ரேடியோ முன்னால் உட்கார்ந்து, எந்த இடத்தில், எவ்வளவு சுருதியில் விடவேண்டும் என்று வருஷக்கணக்காகச் சாதகம் செய்துவந்தார். சாதகம் என்றைக்குமே முழுசாக முடிந்ததில்லை. "அய்யோ, என் ஈரக்குலை போ" என்று எட்டியதுமே தவ்ஹீதாவின் உள்ளங்கை வந்து வாயை மூடிவிடும்.

"நான் பாட்டைக் கேக்கறதா, உங்களைக் கேக்கறதா?" என்பாள்.

அதனால்தான், ஆபீஸ் சிநேகிதர் ஸக்கி எங்கேயோ யாரையோ பிடித்து மார்ச் ஐந்தாம் தேதிக் கச்சேரிக்கு இரண்டு டிக்கெட் கொண்டுவந்தபோது, ஷௌக்கி ஒரு முடிவுக்கு வந்தார். அன்றைக்குப் புதுப்பாட்டு அரங்கேற்றம். மார்ச் ஐந்து காலண்டரில் ஏறப்போகிறது, கூடவே தாமும் ஏறப்போகிறோம். பக்கத்தில் தவ்ஹீதாவும் அவள் உள்ளங்கையும் இருந்தால் காரியம் கெட்டுவிடும். ஆகவே அவளுக்குத் தெரியக்கூடாது.

வியாழக்கிழமை மத்தியானம் முளூகிய்யா கீரையும் சோறுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தவ்ஹீதாவே பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, சாயங்காலம் சும்மாதானே இருக்கீங்க?"

"ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

"சும்மா எங்க இருக்கறது? ஆபீஸ்ல ஸ்டாம்பு கணக்கெடுக்கறாங்க. மேலதிகாரி கண்டிப்பா வரணும்னுட்டார்."

"இன்னிக்கா? பத்ரியா கச்சேரி அன்னிக்கா?"

"கடமை, தவ்ஹீதா. கடமை."

"புதுப்பாட்டு வேற பாடறாங்களாமே."

"பாடட்டும்."

இங்கேதான் மனிதர் சறுக்கினார். பத்ரியா அம்மணி தும்மினாலே தேதி போட்டு வைத்துக்கொள்கிற ஆள், புதுப்பாட்டு என்றதும் 'பாடட்டும்' என்கிறார். தவ்ஹீதா கீரைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. போகாம இருக்க முடியாதா?"

"முடியவே முடியாது."

"சரி. நான் அடுத்த வீட்டு உம்மு ரம்ஸியோட பொழுதை ஓட்டிக்கறேன். ஆமா, ஸ்டாம்பு எண்ணறதுக்கு மீசைக்கு எதுக்கு எண்ணெய்?"

"ஸ்டாம்புல ராஜா இருக்கார். அவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

தவ்ஹீதா கீரைக் கரண்டியை மறுபடி கையில் எடுத்தாள். ஜெயித்துவிட்டோம் என்று ஷௌக்கி நினைத்துக்கொண்டார். பாவம், அந்த நினைப்பு அவருக்கு எப்போதுமே கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடும்.

எஸ்பெகிய்யா தோட்டத்து அரங்கில் எள் போட இடமில்லை. ஷௌக்கிக்கும் ஸக்கிக்கும் கடைசி வரிசையில், ஒரு பெரிய தூணுக்குப் பின்னால் இடம். அதனால் என்ன? குரலுக்குத் தூண் ஏது? திரை விலகியது. வாத்தியக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பத்ரியா அம்மணி ஜரிகை மின்னும் கவுனில், கையில் கைக்குட்டையோடு வந்து நின்றதும் சபை எழுந்து நின்றது. ஷௌக்கிக்கு உள்ளங்கால் வரை புல்லரித்தது. தொண்டையை ஒருதரம் செருமிக்கொண்டார்.

"ரெடியா?" என்றார் ஸக்கி.

"பத்து வருஷமா ரெடி" என்றவர், தூணுக்கு அந்தப்பக்கம் தலையை நீட்டி மேடையைப் பார்த்தார். மேடையில் மைக் இருந்தது. அதோடு விட்டார்களா? சபையின் தலைக்கு மேலேயும் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"ஸக்கி, அந்த மைக் எதுவரைக்கும் கேக்கும்?"

"பாக்தாத் வரைக்கும் கேக்கும்யா. இன்னிக்குக் கத்தினா அரபு தேசம் பூரா கேக்கும்."

"நம்ம ஷுப்ராவுல?"

"பாக்தாத்ல கேக்கறது ஷுப்ராவுல கேக்காதா?"

ஷௌக்கிக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் ரேடியோ இருக்கிறது. ரேடியோ முன்னால் தவ்ஹீதா இருக்கிறாள். ஸ்டாம்பு எண்ணுகிற மனுஷன் பத்ரியா கச்சேரியில் ஈரக்குலை போச்சே என்று கத்தினால் அவளுக்குத் தெரியாதா? தாலாட்டு மாதிரி பத்து வருஷமாகக் கேட்ட குரலாயிற்றே. உள்ளங்கையிலிருந்து தப்பிக்கத்தான் பொய் சொன்னார். இப்போது அந்தப் பொய்யே உள்ளங்கையாக வந்து வாயைப் பொத்தியது.

பாட்டு ஆரம்பித்தது. அடடா, அது பாட்டா? மெதுவாகத் தொடங்கி, ஏறி, நெஞ்சைத் தொட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதது போல இறங்கி நின்றது. அதில் ஒரு வரி: "நீ சொன்ன பொய்யும் எனக்குத் தேனாச்சு." அம்மணி அதை ஒருதரம் பாடினார், சபை முனகியது. மறுபடி வேறு மாதிரி பாடினார், சபை கெஞ்சியது. மறுபடியும் பாடினார். முன்வரிசைப் பாஷா ஒருவர் சால்வையைத் தூக்கி வீசினார். ஸக்கி வாய்விட்டு அழுதார். ஷௌக்கிக்கு ஈரக்குலை நிஜமாகவே தொண்டைவரை வந்துவிட்டது. ஜேபியிலிருந்து கைக்குட்டையை உருவி வாய்க்குள் அடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் தூணைக் கட்டிக்கொண்டார்.

"கத்துய்யா, இதுதான் இடம்" என்று ஸக்கி இடித்தார்.

"ம்ம்ம்ம்" என்றார் ஷௌக்கி.

அம்மணி அதே வரியைக் கடைசியாக ஒருதரம், ரகசியம் சொல்வதுபோல் பாடி நிறுத்தினார். வயலின்கள் நின்றன. சபையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பத்து வருஷமாக ஷௌக்கி கனவு கண்ட அதே இடைவெளி அதுதான். அப்போது, பெண்கள் உட்காரும் மேல்மாடத்திலிருந்து, சுருதி சுத்தமாக ஒரு குரல் எழுந்தது.

"அய்யோ, என் ஈரக்குலை போச்சே!"

சபை அதிர்ந்தது. பத்ரியா அம்மணி நிமிர்ந்து மேல்மாடத்தைப் பார்த்தார், கடகடவென்று சிரித்துவிட்டார். மேடையில் அவர் சிரித்து யாரும் பார்த்ததே இல்லை. நெஞ்சில் கையை வைத்து, "உன் ஈரக்குலை நல்லா இருக்கட்டும்மா, உனக்காக இன்னொரு தரம்" என்று சொல்லி, அந்த வரியை மேல்மாடத்தைப் பார்த்தே பாடினார். ஜனங்கள் நாற்காலி மேல் ஏறி நின்று கூத்தாடினார்கள்.

"யோவ், அது உம்ம கூப்பாடாச்சே. பொம்பளைக் குரல்ல வருது?" என்றார் ஸக்கி.

ஷௌக்கி தூணைச் சுற்றி ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தார். மேடையை ஒட்டிய பக்கவாட்டு மேல்மாடத்தில், பச்சைப் பட்டில், உம்மு ரம்ஸியோடு தர்பூஸ் விதை கொறித்தபடி தவ்ஹீதா உட்கார்ந்திருந்தாள். சாவகாசமாகத் தூரக்கண்ணாடியைத் தூக்கிக் கடைசி வரிசைப் பக்கம் திருப்பினாள். ஷௌக்கி சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார்.

அவள் வருவதற்கு முன்னாலேயே வீட்டுக்கு ஓடி, இழுத்துப் போர்த்திப் படுத்துவிட்டார். காலையில் எழுந்தபோது மேசையில் சூடான ஃபூல் பயறும் ரொட்டியும் இருந்தன. எதிரே உம்மு ரம்ஸியும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"கணக்கெடுப்பு முடிஞ்சுதாங்க?" என்றாள் தவ்ஹீதா.

"முடிஞ்சுது. நீ ரேடியோ கேட்டியா?"

"ரேடியோ எதுக்கு? நேர்லயே போயிருந்தேன். நான் ஜரிகை தைச்சுக் குடுக்கற கிரேக்கத் தையற்காரி மதாம் இருக்காங்கல்ல, அவங்கதான் பத்ரியாவோட கவுனைத் தைச்சது. சந்தோஷத்துல மேல்மாடத்துல ரெண்டு இடம் குடுத்தாங்க."

"ரெண்டா?"

"ஒண்ணு உங்களுக்குத்தான். அதுக்குத்தானே சாயங்காலம் சும்மாவானு கேட்டேன்? இன்னிக்கு ஒருநாள் வாயைப் பொத்த வேண்டாம், மனுஷன் ஆசை தீரக் கத்தட்டும்னு நெனச்சிருந்தேன். உங்களுக்குக் கடமை வந்துடுச்சு. பத்து வருஷ ஆசை வீணாப் போகக்கூடாதேன்னு உங்களுக்குப் பதிலா நானே கத்திட்டேன்."

ஷௌக்கிக்கு அழுகையே வந்துவிட்டது. "தவ்ஹீதா, அது என் ஈரக்குலை" என்றார்.

"உங்களுதுதான். வீட்ல விட்டுட்டுப் போயிட்டீங்களே."

"நானும் அங்க..." என்று வாய்வரை வந்துவிட்டது.

தவ்ஹீதா நிதானமாகத் தேநீர் ஊற்றினாள். "நீங்களும் அங்க? இருந்தீங்கன்னா சொல்லுங்க, ஊரெல்லாம் சொல்லிக்கலாம். ஆனா பொய் சொல்லிட்டுப் பெண்டாட்டியை விட்டுட்டுக் கச்சேரிக்குப் போனவர்கிட்ட எங்க அண்ணன்மார் மூணு பேரும் வந்து ரெண்டு வார்த்தை பேசுவாங்க. இல்ல, ஆபீஸ்லதான் இருந்தீங்களா?"

உம்மு ரம்ஸி விதை கொறிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். அண்ணன்மார் மூன்று பேருக்கும் பூலாக் சந்தையில் கசாப்புக்கடை.

"ஆபீஸ்லதான் இருந்தேன்" என்றார் ஷௌக்கி.

"நானும் எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லியிருக்கேன். கச்சேரியைவிடக் கடமை பெரிசுன்னு போன மனுஷன்னு கட்டடமே உங்களைப் புகழுது. ஆமா, அந்தக் கைக்குட்டையைக் குடுங்க, துவைச்சுடறேன். ஒரு மூலையை முழுங்கிட்டீங்க போலிருக்கே."

ஷௌக்கி தாமாகவே கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். அவர் அடித்த அடியில் ஷுப்ரா முழுக்கத் தூசு பறந்தது.

அடுத்த வருஷம் மார்ச் ஐந்தாம் தேதி காபிக்கடை ரேடியோவில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். அதற்குள் அந்தப் பதிவு நாடு முழுக்கப் பிரசித்தமாகியிருந்தது. ஈரக்குலை இல்லாமல் அந்தப் பாட்டைக் கேட்டால் பாட்டே இல்லை என்கிற நிலைமை. அந்த இடம் வந்ததும் கடை மொத்தமும் சேர்ந்து கத்தியது. ஹனஃபி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷௌக்கிக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். உண்மை தெரிந்த ஸக்கி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஷௌக்கி மேசைக்கடியில் அவர் காலை மிதித்தார்.

"உங்க வீட்டம்மா காலண்டர்லயே ஏறிட்டாங்க, எஃபெந்தி" என்றார் ஹனஃபி. "சரித்திரமே நடந்த அன்னிக்கு, சரித்திரத்தைக் கரைச்சுக் குடிச்ச நீங்க எங்க போயிருந்தீங்க?"

ஷௌக்கி எஃபெந்தி காபியை ஒரு வாய் குடித்தார்.

"ஸ்டாம்பு எண்ணிக்கிட்டிருந்தேன்."