எதில் சேருவது என்று சொல்லாத வரவேற்பாளர்

வரவேற்பாளர்களில் ஓர் இனம் உண்டு. வா வா என்று உங்களைக் கூப்பிடுவார்கள். நீங்கள் செருப்பைக் கழற்றியதும் வாசலை மறித்து நின்றுகொண்டு, வாசல் என்றால் என்ன என்று விளக்கத் தொடங்குவார்கள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் கடை வைத்திருக்கும் புகழேந்தி இதில் கலப்படமில்லாத ரகம்.

அவர் நடத்துவது ஓர் இணைய மன்றம். சாதாரண மன்றமா? எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாமல், திண்டிவனத்தில் இவருக்கு ஒரு சர்வர், விழுப்புரத்தில் நண்பர் ராஜ்குமாருக்கு ஒரு சர்வர், இப்படி ஊருக்கு ஊர் யாராவது வைத்துக்கொண்டு, எதில் சேர்ந்தாலும் எல்லோரோடும் பேசலாம், எவனும் முதலாளி கிடையாது என்கிற உயர்ந்த ஏற்பாடு. ஒரே குறை, பேச ஆளில்லை. இவர் எழுதுவார், ராஜ்குமார் ஆமாம் என்பார். மறுநாள் ராஜ்குமார் எழுதுவார், இவர் ஆமாம் என்பார். "பொங்கலுக்குள்ள புது ஆளுங்க வரலன்னா ரெண்டையும் மூடிடலாம், புகழ்" என்று ராஜ்குமார் சொன்ன நாளிலிருந்து புகழேந்திக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான், நிலக்கடலை பயிரிடும் கிளியனூர் மகளிர் குழுவின் தலைவி கெங்கம்மாள் கடைக்கு வந்தார்.

"எங்க பொம்பளைங்க மல்லாட்டை வெலையப் பத்திப் பேசிக்க ஒரு எடம் வோணும்ப்பா. இப்ப கீற வாட்ஸ்அப் குரூப்பு வியாபாரி போட்டது. நாங்க இன்னா பேசினாலும் படிச்சிக்கினு வெலைய எறக்கிடறான்."

புகழேந்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு குழுவே வருகிறது! சர்வர், சுதந்திரம், முதலாளித்துவம் என்று வாங்கிவைத்த டீ ஆறும்வரை விளக்கினார். கெங்கம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, எதுல சேரணும்?" என்றார்.

"அத நீங்கதாம்மா முடிவு பண்ணணும்."

"உன்னுது எதுப்பா?"

"திண்டிவனம். ஆனா அத நான் சொல்லக் கூடாதும்மா. சொன்னா எல்லாரும் ஒரே எடத்துல வந்து குவிஞ்சிடுவாங்க."

"குவியறதுக்குத்தானப்பா எடம் கேக்கறோம்!"

கொள்கைச் சிக்கல். ராஜ்குமாருக்குப் போன் போட்டார். வேறு எவனாவதாக இருந்தால் வந்த கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்திருப்பான். இவர்களோ? "உங்ககிட்டயே சேரட்டும் புகழ், எங்கிட்ட வந்தா எனக்கு அதிகாரம் கூடிடும்" என்றார் அவர். "எனக்கும் அதே பேஜாருதான் ராஜ்" என்றார் இவர். கடைசியில், புதியவர்கள் சேருவதை எளிதாக்குவது எப்படி என்று மன்றத்தில் ஒரு விவாதம் நடத்தி, ஒத்த கருத்து வந்ததும் கெங்கம்மாளுக்குச் சொல்வதென்று தீர்மானமாயிற்று.

"ஜல்தி சொல்லுப்பா, பாண்டி பஸ்ஸு வந்துடும்."

பஸ் வந்தது. போயிற்று.

ஒத்த கருத்து வர மார்கழி ஆயிற்று. ஒரே பக்கம், ஒரே பொத்தான்; அமுக்கினால் எந்தச் சர்வரில் இடமிருக்கிறதோ அதில் அதுவே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அருமையான ஏற்பாடு, சும்மா சொல்லக் கூடாது. புகழேந்தி கடையைப் பூட்டிக்கொண்டு கிளியனூருக்குப் பறந்தார்.

"இன்னாப்பா, இப்பதான் வர்றியா? அன்னிக்கு பஸ்ஸுலயே வேற குரூப்பு போட்டுட்டோமே. வியாபாரி இல்ல. ஜோரா ஓடிக்கினு கீது."

அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து அந்த அம்மாளுக்குப் பாவமாகிவிட்டது. "நீயும் வர்றியா? நம்பரச் சொல்லு."

கம்பெனிக்காரன் குரூப்பில் கால் வைப்பதில்லை என்பது புகழேந்தியின் விரதம். ஆனால் எத்தனை நாள்தான் ராஜ்குமாருடனேயே பேசுவது? நம்பரைச் சொன்னார். அவ்வளவுதான், சேர்ந்தாயிற்று. "வாங்க தம்பி", "வணக்கம் சார்", "எங்க வூட்டு போனுல சார்ஜ் நிக்கல, பாக்கறீங்களா?" என்று மளமளவென்று வந்து விழுந்தன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்குத்தானே இத்தனை வருஷம் ஏங்கினார்!

நன்றி என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதினாரா? "தோழிகளே, நீங்கள் இருப்பது ஒரு கம்பெனியின் கூண்டு" என்று தொடங்கி, விரல் வலிக்க எழுதி அனுப்பினார். அதன்பின் அவர் திரையில் வந்த ஒரே செய்தி, கெங்கம்மாள் அவரை நீக்கிவிட்டார் என்பதுதான்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், 'சர்வர் சமாச்சாரத்தை இந்த ஆள் சரியாக விளக்கவில்லையே, நாமாவது நாலு வரி எழுதிப்போடுவோம்' என்று நடுவில் ஒருமுறை உங்கள் விரல் துடித்ததா இல்லையா? துடித்திருந்தால் நீங்களும் நம்மவர்தான். வாருங்கள், பொங்கலுக்குள் ஆள் வேண்டும். எதில் சேருவது என்று மட்டும் எங்களைக் கேட்டுவிடாதீர்கள்.