வெட்டின கையே பார்க்கணும்

முட்டி மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களில், கால் சரியானதும் டாக்டரை மறந்துவிடுகிறவர் ஒரு வகை. நல்ல மனிதர், அவரை விட்டுவிடுங்கள். கால் சரியான பிறகும் டாக்டரை விடாதவர் இருக்கிறாரே, அவரைத்தான் நாம் பார்க்கப்போகிறோம்.

நம்மவர் ஓய்வுபெற்ற மேலாளர். புது முட்டி வைத்து வருஷம் ஓடிவிட்டது. பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடிப்பார், ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வரத் தாமதமானால் பொறுமையில்லாமல் தடதடவென்று படியேறிவிடுவார், ஆனால் டாக்டர் அறை வாசலை மிதித்ததும் என்ன மாயமோ, இடுப்பு ஒரு பக்கம் சாயும், முகம் சுருங்கும், "அம்மாடி" என்று ஒரு முனகல் வரும். எல்லாம் நடிப்பு. நிஜமாகவே நொண்டிக்கொண்டு பின்னால் வருகிறவர் அவருடைய மனைவி. அந்த அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவர் வேண்டும். ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்கிறார், பாவம்.

"சார், உங்களுக்கு எல்லாம் நல்லா இருக்கு. இனிமே பிசியோதெரபிஸ்ட் பார்த்தா போதும். ஏதாவது இருந்தா அவங்களே டாக்டர்கிட்ட அனுப்புவாங்க" என்றார் நர்ஸ்.

"அதெப்படிம்மா? வெட்டின கைக்குத்தானே உள்ள வச்சது என்னன்னு தெரியும்?"

என்றைக்கோ டாக்டர் ஒரு பேச்சுக்கு, "சந்தேகம்னா வாங்க" என்று சொல்லித் தொலைத்திருந்தார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிறவரிடம் சொல்கிற பேச்சா அது? மழையில் நனைந்தால் உள்ளே துருப்பிடிக்குமா, போன தடவை சொன்னதையே இன்னொரு தடவை சொல்ல முடியுமா, பக்கத்து வீட்டுக்காரர் முட்டி 'டக்' என்கிறதாமே, இவருடையது மட்டும் ஏன் சத்தமே போடவில்லை என்று கேள்விகளை அடுக்கினார். டாக்டரும் தாட்சண்யக்காரர். ஆறிப்போன காபியை ஓரமாகத் தள்ளிவிட்டு, சத்தம் போடாத முட்டியைப் பற்றிப் பொறுமையாக விளக்கினார். வெளியே வரிசை வராந்தா தாண்டி நின்றது.

எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் நம்மவருக்கு மனைவி ஞாபகம் வந்தது. கோபமும் வந்தது.

"இவ படுற பாட்டைப் பார்க்க முடியலை டாக்டர். ஏன் இன்னும் தேதி தரலை?"

"ஆபரேஷனுக்குன்னு வச்சிருந்த நாள்ல பாதி செக்கப்புக்கே போயிடுச்சு சார். பழைய பேஷண்ட்டுங்களைப் பார்க்கவே நேரம் சரியா இருக்கு."

"குணமானவங்களுக்கு இங்க என்ன வேலை? வேலைவெட்டி இல்லாத ஆளுங்க. நீங்க கண்டிப்பா சொல்லி அனுப்பணும்."

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் ஜன்னலைப் பார்த்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரமும் நின்றிருந்த மனைவிதான் பேசினார்.

"எழுந்திருங்க. நான் உட்காரணும்."

நம்மவர் எழுந்தார். கையை எங்கும் ஊன்றவில்லை, முனகவில்லை, விருட்டென்று எழுந்துவிட்டார். அவர் எழுந்த அழகை அறையில் இருந்த மூன்று பேரும் பார்த்தார்கள். தன் காலைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டவருக்கு, முதல் தடவையாகக் கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை.

என்ன, சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்களுக்கு அடுத்த செக்கப் எப்போது? எங்கேயாவது வலிக்கிறதா? இல்லை, "நல்லா இருக்கீங்க" என்று டாக்டர் வாயால் கேட்கத்தான் போகிறீர்களா? போங்கள், யார் தடுத்தது? உள்ளே நுழையும் முன் வரிசையை மட்டும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். நின்றுகொண்டிருப்பது உங்கள் வீட்டு ஆளாகவும் இருக்கலாம்.